ஆள் வருது

காலியாகக் கிடக்கும் நாற்காலியைக் காட்டி, கையில் சூடான தட்டோடு ஒருவர் “இங்க யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்கிறார். எதிரில் உட்கார்ந்திருப்பவர் தலை நிமிராமல் “ஆள் வருது” என்கிறார். கேட்டவர் அடுத்த மேசைக்கு நகர்கிறார். வரப்போகும் ஆள் எங்கே, டோக்கன் வாங்கிவிட்டாரா, எப்போது வருவார் என்று துருவிக் கேட்க நம் பேச்சு வழக்கில் பண்பான வாசகம் ஒன்றும் இல்லை. கேட்டால் வம்புக்கு வந்ததாகிவிடும். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தை ஒட்டியும், சிதம்பரத்தில் நான்கு தேர் வீதிகளிலும், கல்லாவில் காசு கட்டி டோக்கன் வாங்கித் தட்டைத் தானே எடுத்துவரும் உணவகங்களில் கூட்ட நேரத்துக் காட்சி இது. சிதம்பரம் கோயிலில் ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை ஆகிய இரு திருவிழாக்களிலும் ஒன்பதாம் நாள் தேர், பத்தாம் நாள் தரிசனம். தரிசனம் முடிந்து கோபுர வாசல்களில் வெளியேறும் கூட்டம் ஒரே நேரத்தில் பசியோடு வீதிக்கு வருகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் நாற்காலி எவருக்கு உரியது என்ற கேள்வி, சாப்பாட்டின் விலையைவிடப் பெரிய கேள்வியாகிவிடுகிறது.

முன்கூட்டி இடம் பிடித்து வைப்பதை நாகரிகக் குறைவு என்று சிலர் கடிந்துகொள்கிறார்கள். சாமர்த்தியம் என்று சிலர் மெச்சுகிறார்கள். இரண்டு தீர்ப்புகளுமே பிடிப்பவரின் குணத்தைப் பார்க்கின்றன, உணவகத்தின் ஒழுங்கைப் பார்ப்பதில்லை. இடம் பிடிக்கும் பழக்கம் ஒரு பழைய உணவக ஒழுங்கிலிருந்து நியாயமாகவே பிறந்தது. அந்த ஒழுங்கு மாறிய பிறகும் பழக்கம் தங்கிவிட்டது. அப்படித் தங்கிவிட்டதன் செலவை, துணையின்றித் தனியாக வரும் ஒருவரே கட்டுகிறார். இதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

பழைய ஒழுங்கு எது? சர்வர் வந்து கேட்டுப் பரிமாறும் ஹோட்டலில் முதல் வேலை உட்காருவது. உட்கார்ந்தால்தான் தண்ணீர் டம்ளர் வரும், இலை வரும், இருக்கிற பலகாரங்களையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் சர்வர் வருவார். சாப்பிட்டு எழுந்த பிறகுதான் கல்லாப் பக்கம் போக வேண்டும். அங்கே நாற்காலியே வரிசை. நாற்காலியில் அமர்ந்த நொடியில் உங்கள் முறை தொடங்குகிறது, சமையலறைக்கு நீங்கள் வந்திருப்பது தெரிகிறது. அந்த ஹோட்டலுக்குள் நுழைந்ததும் ஓடிப்போய் இடம் பிடிப்பது முறையை மீறுவதாகாது, முறையில் நிற்பதே அதுதான். நால்வராகப் போனால் முதலில் நுழைந்தவர் மற்ற மூவருக்கும் சேர்த்து மேசை பார்த்துவைப்பதும் அப்படித்தான்: பின்னால் வருகிறவர் செருப்பைக் கழற்றிக் கைகழுவி வருவதற்குள் இட்லி வந்துவிடும், கொத்சு ஆறுவதற்குள் வந்து சேராவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான். நாற்காலி சும்மா கிடக்கும் நேரம் அங்கே மிகக் குறைவு.

இதற்கும் மூத்தது பந்தி. வரிசை என்று பொருள்படும் ‘பங்க்தி’ என்ற வடசொல்லிலிருந்து வந்த பெயர். எவர் எவரோடு ஒரே வரிசையில் அமரலாம், எவர் அமர்ந்தால் வரிசை கெடும் என்று பழைய தர்ம நூல்கள் மிகுந்த கவலையோடு பேசியது இந்தப் பங்க்தியைப் பற்றித்தான். அந்தக் கவலைக்கு மாற்றான பந்தி ஒன்று கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச் சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் எழுந்த சாலை அது. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்துவருகிறது. சாதி, சமயம் கேட்காமல் பசியை மட்டுமே தகுதியாக ஏற்றது அந்தப் பந்தி. பந்தியின் அமைப்பையும் கவனிக்க வேண்டும்: ஒரு முனையிலிருந்து ஆட்கள் அமர்ந்து வருகிறார்கள், உணவு இருக்கும் இடம் தேடி வருகிறது, வரிசை எங்கே முடிகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. இடையில் ஒரு இடத்தைக் காலியாக விட்டால் அது பல்லிடுக்குப் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். கல்யாணப் பந்தியில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பவர்களும், சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவர் இலையை மடிக்கும் நொடிக்காகக் காத்திருப்பவர்களும் உண்டுதான். அது பார்க்க நன்றாக இருக்காது. ஆனாலும் அங்கேயும் உணவு இருக்கையைத் தேடியே வருகிறது என்பதால், இடத்துக்கு முந்துவது அந்த ஒழுங்குக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

செல்ஃப் சர்வீஸ் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியது. முதலில் கல்லா, பிறகு டோக்கனைக் கொடுத்துத் தட்டு வாங்குமிடம், கடைசியில்தான் நாற்காலி. சமையலறைக்கு இப்போது நீங்கள் உட்கார்ந்தது தெரியாது, டோக்கன் மட்டுமே தெரியும். இந்த முறையை முழுமையாக யோசித்தவர்கள் நாற்காலியையே எடுத்துவிட்டார்கள்: 1983இல் பெங்களூரு ஜெயநகரில் தொடங்கிய தர்ஷினி வகை உணவகங்களில் நின்றுகொண்டுதான் சாப்பாடு, 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கி மற்ற நகரங்களுக்குப் பரவிய அம்மா உணவகங்களிலும் இடுப்பளவு மேசை. நம் ஊர் உணவகங்களில் பெரும்பாலானவை பாதி வழியில் நின்றுவிட்டன. பரிமாறும் ஆளை எடுத்தன, நாற்காலியை வைத்துக்கொண்டன. வாடிக்கையாளரும் தன் பங்குக்குப் பாதி வழியில் நின்றார்: டோக்கன் வாங்கக் கற்றுக்கொண்டார், ‘முதலில் இடம்’ என்ற பழைய பாடத்தை விடவில்லை. விடாதிருக்க அவருக்கு வேறொரு பயிற்சிக்களமும் இருந்தது. பேருந்து நிலையத்தில் வண்டி திரும்பி நிற்பதற்குள் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்த கை அது. ஏறி அமர்ந்தால் இறங்கும்வரை தனக்கு என்பது பேருந்தின் கணக்கு. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டிய மேசைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பொருந்தாததன் அளவை எளிய கணக்கில் பார்க்கலாம். நால்வர் அமரும் ஒரு மேசை. சாப்பிட 15 நிமிடம். கல்லாவிலும் தட்டு வாங்குமிடத்திலுமாகக் காத்திருப்பு 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தட்டோடு வந்தவர்களே அமர்ந்தால் மேசை மணிக்கு நான்கு முறை கைமாறும், 16 பேர் சாப்பிடுவார்கள். நால்வரில் ஒருவர் வரிசைக்குப் போக மூவர் முன்னதாகவே அமர்ந்துவிட்டால், ஒவ்வொரு குழுவும் அதே மேசையை 25 நிமிடம் வைத்திருக்கும். மணிக்கு 9 அல்லது 10 பேர்தான். மீதி ஆறேழு பேர் தட்டை ஏந்திக்கொண்டு தூணோரம் நிற்பார்கள். அவர்கள் கண்ணெதிரே, சாப்பாடு வராத மேசையில் மூன்று பேர் செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கணக்குக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லோருமே இடம் பிடித்துவிட்டுத்தான் வரிசைக்குப் போவார்கள் என்றால், இடம் கிடைக்காதவர் வரிசையிலேயே நிற்க மாட்டார். வரிசை குட்டையாகும், காத்திருப்பு 10 நிமிடம் ஆகாது. நாற்பது நாற்காலி, அரை நிமிடத்துக்கு ஒரு தட்டு கொடுக்கும் சமையலறை என்று கொள்ளுங்கள். முப்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள், அவர்களின் காத்திருப்பு 5 நிமிடம், மணிக்கு 120 பேருக்கு உணவு. அந்தச் சமையலறையால் கொடுக்கக்கூடிய அதிகபட்சமும் அந்த 120தான். அதாவது எல்லோரும் இடம் பிடித்தாலும் நஷ்டம் இல்லை. மறுப்பு சரியே. இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் உண்மையான சிக்கல் துலங்குகிறது. எல்லோரும் பிடித்தால் ஓர் ஒழுங்கு. எவரும் பிடிக்காவிட்டால் வேறோர் ஒழுங்கு. சிலர் பிடித்து, சிலர் பிடிக்க முடியாமல் போகும் கலப்பு நிலையில்தான் காத்திருக்கும் சுமை ஒரு பக்கமாகச் சாய்கிறது. நம் உணவகங்களில் நிலவுவது அந்தக் கலப்பு நிலையே.

யாரால் பிடிக்க முடியாது? தனியாக வருபவரால். செல்ஃப் சர்வீஸ் உணவகத்தில் வரிசைகள் இரண்டு. கல்லா முன் நிற்கும் வரிசை கண்ணுக்குத் தெரிகிறது. அதில் ஒருவர் இடையில் நுழைந்தால் பின்னாலிருந்து நான்கு குரல் எழும். நாற்காலிக்கான வரிசைக்கு உருவம் இல்லை, அதனால் அதில் முந்துவதை எவரும் முந்துவதாகவே கருதுவதில்லை. இருவராகவோ நால்வராகவோ வருபவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு வரிசையிலும் நிற்கிறார்கள். தனியாள் முதல் வரிசையை முடித்துவிட்டுத்தான் இரண்டாவதற்கு வர முடியும்; வந்து பார்த்தால், கல்லா வரிசையில் தனக்குப் பின்னால் நிற்பவரின் ஆட்கள் தனக்கு முன்னதாகவே அமர்ந்திருக்கிறார்கள். அண்ணாமலைநகர் மருத்துவமனையில் படுக்கையில் கிடப்பவருக்குத் துணையாக வந்தவர், கடலூரில் வண்டி மாறும் இடைவெளியில் சாப்பிட வந்த நடத்துநர், விடுதி மாணவர், மதிய இடைவேளைக்குள் அலுவலகம் திரும்ப வேண்டிய எழுத்தர் எல்லோரும் இந்த வகை. நேரம் மிகக் குறைவாக இருப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே.

சிங்கப்பூரின் உணவங்காடிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். அங்கே ஒரு சின்னக் காகிதத்தாள் பொட்டலத்தையோ குடையையோ அலுவலக அடையாள அட்டையையோ மேசைமேல் வைத்துவிட்டு உணவு வாங்கப் போகிறார்கள். ‘சோப்’ செய்வது என்று அதற்குப் பெயர். முத்திரையைக் குறிக்கும் ‘சாப்’ என்ற சொல்லிலிருந்து அது வந்ததாகச் சொல்வார்கள். நாம் சாப்பா குத்துவது என்கிறோமே, அதே குடும்பம். தேக்கா சந்தையில் சாப்பிடும் தமிழருக்கும் இது பழகிய வழக்கம்தான். அங்கேயும் இதைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள், நாற்காலி சும்மா கிடக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு: அங்கே பொருள் ஆளுக்குப் பதிலாக நிற்கிறது, எனவே தனியாளும் இடம் பிடிக்கலாம். நம் ஊர் மேசையில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனால், மேசை துடைக்கும் அம்மா அதைக் குப்பையென்று எடுத்துப் போவார், அது அவர் கடமை. பையை வைத்துவிட்டுப் போக மனம் துணியாது. பேருந்தில் செல்லுபடியாகும் துண்டு, சாப்பாட்டு மேசைமேல் வைத்தால் முகச்சுளிப்பைத்தான் வாங்கித்தரும். இங்கே இருக்கையைப் பிடிக்க உயிருள்ள ஆள் வேண்டும். ஆகவே சிங்கப்பூரில் வெறும் தாமதமாக இருப்பது, இங்கே துணையுள்ளவருக்கும் துணையில்லாதவருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வாக ஆகிவிடுகிறது.

ஏற்றத்தாழ்வு என்ற சொல்லை ஒரு நாற்காலிக்குப் பயன்படுத்துவது மிகை என்று தோன்றலாம். தமிழ்நாட்டில் சாப்பாட்டு இருக்கைக்கு இருக்கும் வரலாற்றை மறந்தால்தான் அப்படித் தோன்றும். கடலூரும் சிதம்பரமும் தென்னிந்திய ரயில்வேயின் பழைய மெயின் லைனில் இருக்கும் ஊர்கள். ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்ற பிரிவினை பெரியாரும் அவர் இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941இல்தான் ஒழிந்தது. உணவகங்களுக்குள் நுழைவதற்குப் பிறப்பின் பெயரால் தடை கூடாது என்பதை 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொன்னது. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இல் அதற்குத் தண்டனையைச் சேர்த்தது. அதன் பிறகும் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை நெடுங்காலம் ஒழியவில்லை. முன்பின் தெரியாத இருவர் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து சாப்பிடுவது இந்த மண்ணில் தானாக அமைந்த பழக்கமல்ல, போராடி வாங்கியது. “ஆள் வருது” என்று சொல்கிறவர் எல்லோரும் சாதி பார்க்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது அபாண்டம். ஆனால் உண்மையில் எவரும் வராதபோதும், அந்நியர் ஒருவர் எதிரில் அமர வேண்டாம் என்பதற்காகவே அந்த வாசகத்தைச் சொல்ல முடியும், காரணம் கேட்கவும் முடியாது. யாரை அமரவிடுவது, யாரை நகர்த்திவிடுவது என்ற தேர்வை ஒரு வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடும் எந்த வழக்கமும் இந்த வரலாறுள்ள ஊரில் கொஞ்சம் சந்தேகத்துக்கு உரியதே. பிறப்பின் பெயரால் விரட்டுவதைத்தான் சட்டம் தடுக்கிறது. இரண்டு பேரில் யார் முதலில் வந்தவர் என்று பார்த்துச் சொல்லச் சட்டம் ஹோட்டலுக்கு வராது.

பெண்கள் தரப்பிலிருந்து வரும் மறுப்பு இதைவிடக் கனமானது. தனியாகவோ குழந்தையோடோ வரும் பெண், முன்பின் தெரியாத ஆண்கள் அமர்ந்த மேசையில் முழங்கை இடிக்க உட்கார விரும்பாமல் இருப்பது இயல்பு. பழைய ஹோட்டல்களில் திரை போட்ட ‘பேமிலி ரூம்’ இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்டவருக்குப் பிடித்துவைத்த மேசை பாதுகாப்பான மேசை. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் இடம் பிடிக்கும் வழக்கம் அவருக்கு உதவுகிறதா என்று பார்த்தால், குடும்பத்தோடு வந்த பெண்ணுக்கு உதவுகிறது, தனியாக வந்த பெண்ணைக் கைவிடுகிறது. நான்கு நாற்காலிகளில் மூன்றை ஒரு குழு பிடித்துக்கொள்ள, மிஞ்சிய ஒரு நாற்காலி எந்த மேசையில் இருக்கிறதோ அங்கேதான் அவர் போய் அமர வேண்டியிருக்கிறது. அவருக்குத் தேவை பெண்களுக்கென ஒதுக்கிய ஒரு மேசை. அதை ஒதுக்க வேண்டியவர் கடைக்காரர்.

முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரர், காலுக்கு முடியாதவர் ஆகியோருக்காக இடம் பிடிப்பதை எந்த வாதமும் தடுக்கக் கூடாது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. தட்டோடு நிற்பதன் சிரமம் நம் சாப்பாட்டு முறையில் கூடுதலானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரண்டியால் சாப்பிடுபவர் நின்றபடியே சமாளித்துவிடலாம். வலக்கையால் பிசைந்து சாப்பிடுபவருக்கு இடக்கை முழுவதும் தட்டுக்கே போய்விடும். தண்ணீர் குடிக்கவும் பையைப் பிடிக்கவும் கை மிஞ்சாது. வழிந்து நிற்கும் சாம்பாரோடு கூட்டத்துக்குள் நடப்பது பக்கத்திலிருப்பவர் வேட்டிக்கும் ஆபத்து. அதனால்தான் தட்டு வந்தவருக்கே நாற்காலியில் முதல் உரிமை என்கிறேன்: அவருக்கு அந்த நிமிடம் நாற்காலி தேவை, டோக்கன் வரிசையில் நிற்பவரின் ஆட்களுக்கு இன்னும் பத்து நிமிடம் கழித்துத்தான் தேவை. தட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகழுவப் போனவரின் இடம் அவருடையதே. இதை நம் மக்கள் எவரும் சொல்லித்தராமலே மதிக்கிறார்கள். சாப்பாடு வந்துவிட்டால் இடம் உறுதி என்ற உணர்வு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

குடும்பமாகச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படுவது தவறா என்று கேட்பார்கள். தவறில்லை. நால்வரும் வரிசையில் நின்று, தட்டு கைக்கு வரும் தறுவாயில் ஒருவர் மட்டும் போய் மேசை பார்த்தால் நாற்காலி சும்மா கிடப்பது ஓரிரு நிமிடம்தான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பத்து நிமிட விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா என்பவர்களுக்குப் பதில் சொல்ல அதிகம் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை எப்போதும் ஒரே வகை ஆட்கள்தான் இழக்கிறார்கள் என்பது மட்டுமே என் குறை.

பழியைச் சாப்பிட வருகிறவர்கள் தலையில் முழுக்கப் போடுவதும் நியாயமாகாது. முன்னால் இடம் பிடிக்காமல் நம்பி வரிசையில் நின்றால் கடைசியில் இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லாதபோது, பிடிப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து மேசைக்காரர் பிடிக்கிறார் என்பதற்காகவே பிடிப்பவர்கள் பாதிப் பேர். இதைத் தனியொருவரால் மாற்ற முடியாது, நல்ல மனத்தோடு பிடிக்காமல் இருப்பவருக்குக் கிடைப்பது தூணோரம்தான். மாற்றக்கூடியவர் கல்லாவில் அமர்ந்திருப்பவர். டோக்கனில் எண்ணை அச்சிட்டு எண்ணைக் கூப்பிட்டுத் தட்டு கொடுத்தால், ‘ஆள் வருது’ என்பதைச் சரிபார்க்க ஒரு வழி பிறக்கும். மேசைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் ஒருவர், தட்டோடு வருபவருக்குக் காலி நாற்காலியைக் கைகாட்டினால், உருவமில்லாத இரண்டாம் வரிசைக்கு உருவம் வந்துவிடும். வாடிக்கையாளர்கள் ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. சுவரோரமாக நின்று சாப்பிடும் மேசைகள் நான்கைப் போட்டால், வண்டியைப் பிடிக்க ஓடுபவர் நாற்காலியைத் தேடவே மாட்டார். இவற்றில் பெரும் செலவு பிடிப்பது எதுவுமில்லை. கடைக்காரர் இதைச் செய்யாதிருப்பதற்குக் காரணம், இடம் கிடைக்காமல் வாசலோடு திரும்பிப்போகிறவர் அவர் கல்லாக் கணக்கில் வருவதில்லை என்பதுதான். டோக்கன் வாங்கியவர் மட்டுமே அவர் கணக்கில் இருக்கிறார், அவரோ ஏற்கெனவே காசைக் கட்டிவிட்டார்.

சிதம்பரத்துத் தேர் வீதி ஹோட்டல்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மார்கழித் திருவிழாவின் பத்து நாளுக்கு மட்டும், முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் ஒரு மேசை, தனியாக வரும் பெண்களுக்கு ஒரு மேசை என்று ஒதுக்கிவிட்டு, மீதி மேசைகளுக்கு மேலே ‘தட்டு வாங்கிய பின் அமரவும்’ என்று ஒரு பலகை மாட்டுங்கள். பலகைக்குக் கீழே அதைச் சொல்ல ஓர் ஆளும் நிற்கட்டும். பதினோராம் நாள் கல்லாவை எண்ணிப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று தோன்றினால் கழற்றிவிடுங்கள்.